சங்கு ஊதுவதற்கு முன்

அந்தப் படகில் அவருக்குப் பாதாளம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது.

முகத்துவாரத்தின் இரண்டு கரைகளுக்கும் இடையே நாள் முழுவதும் போய்வருகிற பயணிகள் படகு அது. உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சக்கரம் பிடிக்கும் கேப்டனை எல்லோரும் ‘மேலிடம்’ என்பார்கள். மேலிடம் மணியடித்து உத்தரவு அனுப்பும். அடித்தட்டில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, என்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவர் அதை நிறைவேற்றுவார். அதனால் அவர் பாதாளம். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், “மேல சொர்க்கம், கீழ பாதாளம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற பூலோகம் நான்” என்று சொல்லிச் சொல்லியே தனக்கும் ஒரு பட்டப்பெயரைத் தேடிக்கொண்டார்.

என்ஜின் அறையில் ஒரே ஒரு வட்ட ஜன்னல். பாதிக் கண்ணாடிக்குத் தண்ணீர், பாதிக்கு வெளிச்சம். படகு அசையும்போதெல்லாம் பச்சை ஒளி சுவரில் ஏறி இறங்கும். மீனின் வயிற்றுக்குள் வீடு கட்டிக்கொண்டவரைப் போல அதற்குள் உட்கார்ந்திருப்பார் பாதாளம். என்ஜினுக்கு உடம்பு சரியில்லை என்றால் காதுக்கு முன்பே அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று அவருக்கே தெரியாது. கனவுகூடச் சீரான தாளத்தில்தான் வரும். அந்தக் கனவுகளில் யாரும் அழுவதில்லை. அங்கே போய் அவர் ஒளிந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெகுகாலம் காத்திருந்து பிறந்த மகள். வீட்டில் பாப்பா. வளர்ந்து தாயின் தோளைத் தொட்ட பிறகும் பாப்பாதான். சின்ன வயதில் நாலைந்து சொற்கள் வந்தன. வந்த சொற்கள் விருந்துக்கு வந்தவர்களைப் போல ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் அடுத்த தெருவில் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்கும். டாக்டர் ஆட்டிசம் என்றார். “எப்ப டாக்டர் சரியாகும்?” என்று கேட்டாள் பாதாளத்தின் மனைவி.

“இது காய்ச்சல் இல்லம்மா, இறங்கிப் போறதுக்கு. அவ சுபாவமே இதுதான். அவளுக்கு எது சுலபம், எது கஷ்டம்னு நீங்கதான் பழகிக்கணும்.”

மனைவி பழகிக்கொண்டாள். மருந்துக் கடையில் நல்ல வேலை, அதை விட்டாள். சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? “நாலு போடு போட்டா தன்னால பேசுவா” என்றார் ஒரு சித்தப்பா. “வீட்டுக்கு வெளிய கூட்டிட்டு வராதீங்களேன், பாக்கிறவங்களுக்கும் சங்கடம்” என்றாள் ஒரு நாத்தனார், நல்லெண்ணத்தோடுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டுக் கதவைத்தான் மூடிக்கொண்டாள். கல்யாணம் காட்சி என்று எங்கும் போவது நின்றது. பாதாளம் கூடுதல் நேரம் வேலை பார்க்கத் தொடங்கினார். குடும்பத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். வீட்டில் என்ன செய்வதென்று தெரியாத கைகளுக்கு என்ஜினிடம் வேலை இருந்தது என்பதே உண்மை.

பாப்பாவுக்குப் பதினைந்து வயதானபோது, பள்ளி விடுமுறையில் ஒருநாள், குளியலறையில் வழுக்கி விழுந்து மனைவியின் மணிக்கட்டு முறிந்துபோனது.

“என்னங்க, இன்னிக்கு அவளை நீங்க கூட்டிட்டுப் போங்க. ஒரு கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“படகுக்கா? அந்தச் சத்தத்துல...”

“எந்தச் சத்தம் அவளுக்குப் புடிக்கும், எது புடிக்காதுன்னு உங்களுக்கு எங்க தெரியும்? ஒருநாள் கூட இருந்து பாருங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். பருப்பில் உப்புக் குறைவு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அது நேரே போய்த் தைத்தது.

அன்று பனிமூட்டம். இரண்டு கரையும் இல்லாமல், பாலில் விட்ட இலைபோலப் படகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. புறப்படும்போது மகளைத் தன்னோடு கீழே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அறையின் வெக்கை தாங்காமல் அவள் நெளிந்தாள். ஏணி வழியாக மேலே அனுப்பினார். பின்பக்கப் பலகைத் தளத்தில் நாலடி நடந்தவள், சரியாக என்ஜினுக்கு மேலே இருந்த இடத்தில் நின்றாள். உட்கார்ந்தாள். பிறகு குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பலகையோடு சேர்த்துக்கொண்டாள்.

கீழே பாதாளத்துக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. என்ஜினின் குரலோடு இன்னொரு குரல் கலந்திருந்தது. ஏதாவது தளர்ந்துவிட்டதோ என்று மூடிமேல் கை வைத்துப் பார்த்தார். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், அவருடைய மகள் வாய்மூடி முனகிக்கொண்டிருந்தாள். அதே சுருதி. என்ஜின் மெதுவாகும்போது அவளும் இறங்கினாள், வேகம் எடுக்கும்போது அவளும் ஏறினாள். அவர் கையை நீட்டி மேற்கூரையைத் தொட்டார். கீழே ஒரு கை, மேலே ஒரு கன்னம், நடுவில் ஒரு பலகை. பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை.

அக்கரை போய், ஆட்களை ஏற்றி, திரும்பக் கிளம்பும்போது மேலிடம் சங்கை ஊதியது.

சட்டப்படி ஊதவேண்டிய சங்குதான். பனியில் அது இன்னும் அகலமாகக் கேட்டது. பாப்பா எழுந்து ஓடினாள். கம்பியில் மோதினாள். தன் கையைத் தானே கடித்தாள். தலையில் அடித்துக்கொண்டு, அடிபட்ட பறவையைப் போலக் கத்தினாள். கூட்டம் கூடியது. “யார் பொண்ணுங்க இது? இப்படியா தனியா விடுவாங்க?” என்றது ஒரு குரல். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஏணியில் ஓடிவந்த பாதாளம் எண்ணெய்க் கைகளோடு அப்படியே நின்றுவிட்டார். எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது? கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது, பெரிய காதடைப்பான் மாட்டியிருந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பாப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளியே குந்தி உட்கார்ந்தாள்.

“எல்லாரும் விலகுங்க. வேடிக்கை பாக்க இங்க ஒண்ணுமில்ல. போனை உள்ள வைங்க. காத்து வரட்டும்” என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே, “அண்ணா, நீங்கதான் அப்பாவா? தொடாதீங்க. பேசாதீங்க. பக்கத்துல உக்காருங்க, அது போதும்.”

உட்கார்ந்தார். மேலிடம் கிளம்பும் மணியை அடிக்காமல் நிறுத்திவைத்திருந்தது. என்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. நேரம் போனது. அழுகை விக்கலாகி, விக்கல் முனகலாகி, கன்னம் மறுபடியும் பலகையைத் தேடிப்போனது.

“எனக்கும் அந்தச் சங்கு ஆகாது. வேலைக்கு வர்ற அன்னிக்கெல்லாம் கேப்டன் கையையே பாத்துட்டிருப்பேன், மேல போகுதான்னு. எனக்கும் ஆட்டிசம்தான் அண்ணா. பெரியவளானதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது.”

பாதாளம் திகைத்தார். “நீங்க நல்லாப் பேசுறீங்களேம்மா.”

“பொய்ப்பல் செய்யிறது என் வேலை. வாயை எப்படித் தொறக்கணும், எப்படி மூடணும்னு தெரியும்.” அவள் சிரிக்கவில்லை. சொன்னது நகைச்சுவையா என்று அவருக்குப் புரியவே ஒரு கணம் ஆனது. “ஆனா பேச்சு வர்றவங்களுக்குக் கஷ்டமே இல்லைன்னு நெனச்சுடாதீங்க. பேச்சு வராதவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னும் நெனச்சுடாதீங்க. உங்க பொண்ணைப் பத்தி இப்ப நாம பேசிட்டிருக்கோம். அவ இங்கதான் இருக்கா. அவகிட்டயும் சொல்லுங்க.”

பாதாளம் குனிந்தார். என்ன சொல்வது? தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னார். “பாப்பா, இது அப்பாவோட என்ஜின்.” பாப்பா திரும்பவில்லை. ஆனால் முனகல் ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடர்ந்தது. அதைப் பதில் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

பல் செய்கிற அந்தப் பெண்ணைச் சீக்கிரமே எல்லோரும் பல்லக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “யாரு, பல்லக்குல வந்தவங்களா?” என்று பூலோகம் கேலி செய்தால், “ஆமா, நாலு பேர் தூக்கணும், முன்னால நீங்க வாங்க” என்பாள். ஊரில் தன்னைப் போன்றவர்களையும் அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கிற குடும்பங்களையும் அவள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்திருந்தாள். கூடி உட்காரத்தான் இடம் இல்லை. யார் வீட்டில் கூடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

“காலைக் கூட்டம் ஓஞ்சதும் படகு காலியாத்தாம்மா போகும். தட்டுறதுக்குச் சுவர் கிடையாது” என்றார் பாதாளம். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக விழுந்தது.

அப்படித்தான் தொடங்கியது. வாரத்தில் ஒருநாள், பள்ளிக்கூடக் கூட்டமும் அலுவலகக் கூட்டமும் வடிந்த பிறகு, அவர்கள் வந்து ஏறினார்கள். டாக்ஸிக்காரர் தன் சின்ன மகனோடு வந்தார். நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். “என் வண்டியில ஏறுற அத்தனை பேருக்கும் இவனைப் பத்திச் சொல்லிடுவேன். எறங்குற வரைக்கும் கேட்டுத்தானே ஆகணும், ஓடுற வண்டியில எங்க குதிப்பாங்க?” என்பார் டாக்ஸிக்காரர். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தம்பியோடு வந்தார். தம்பிக்கே முன்தலை நரைத்திருந்தது. ஆனாலும் அக்காவுக்குச் சின்னவர், அதனால் எல்லோருக்கும் சின்னவர். கைகட்டிக்கொண்டு படகின் முனையில் நின்று நுரையைப் பார்த்தபடி வருவார். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார். உட்காரச் சொன்னால் உட்காருவார். எழுந்திரு என்று யாரும் சொல்லாவிட்டால் உட்கார்ந்தே இருப்பார்.

கையில் கட்டோடு பாதாளத்தின் மனைவியும் வந்தாள். முதல் நாள் மூலையில் ஒண்டியிருந்தாள். பம்பரம் சுற்றிக்கொண்டே வந்து அவள் மடியில் விழுந்து, அவளுடைய கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் சுற்றப் போனான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் யாரையும் அதட்டவில்லை. அன்று கீழே என்ஜின் மூடியில் கை வைத்திருந்த பாதாளத்துக்கு மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தார். ஏணியில் பாதி ஏறிப் பார்த்தபிறகுதான் அது தன் மனைவியின் குரல் என்று தெரிந்தது.

அந்த நாட்களை நினைத்தால் பாதாளத்துக்கு எல்லாம் ஒரே நாளாகத்தான் தோன்றும். பனி, தண்ணீர்மேல் வெள்ளி, பலகையில் படுத்திருக்கும் மகள், அவளைத் தாண்டி மெதுவாக நடந்து போகும் கால்கள். பொறுமையாகப் பல் பார்க்கிற டாக்டர் யார், பிள்ளையை அறையில் போட்டுப் பூட்டாத பள்ளிக்கூடம் எது என்று பெண்கள் பேசிக்கொள்வது காற்றில் பாதியும் தண்ணீரில் பாதியுமாகக் கீழே வந்து சேரும். ஒருநாள் டீச்சர் சொன்னது மட்டும் முழுசாக வந்தது.

“எனக்கு முன்னாடி அவன் போயிடணும்னு வேண்டிக்கிட்ட பாவி நான். எனக்கு அப்புறம் அவனை யாரு கவனிச்சுக்குவாங்க?”

பிறகு மனைவியின் குரல். “இனிமே அப்படி வேண்டாதீங்க டீச்சர். நாங்க இருக்கோம்ல?”

ஆனால் எல்லோருக்கும் அது பிடித்துவிடுமா? வழக்கமாக வருகிற ஒரு பயணிக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் புகார் சொன்னார். காசு கொடுத்து வருகிறவர்கள் காலில் ஆள் கிடந்து இடறுகிறது, கத்தல் கூச்சல் என்று. படகு அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி யாரும் இறங்காமல் சுற்றிச் சுற்றி வரக்கூடாது. ஒவ்வொரு கரையிலும் படகைக் காலி செய்யவேண்டும்.

உத்தரவு வந்த வாரம் பூலோகம் விடுப்பில் இருந்தார். மாற்றுக்கு வந்த கண்டக்டர் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறவர். அன்று டீச்சரும் தம்பியும் மட்டும்தான் ஏறியிருந்தார்கள். படகு அக்கரையில் நின்றபோது டீச்சர் கழிப்பறைக்குப் போயிருந்தார். முனையில் நின்றிருந்த சின்னவரிடம் கண்டக்டர் “இறங்குங்க” என்றார். சின்னவர் இறங்கினார். படகு கிளம்பியது.

“என் தம்பி! தம்பி எங்க?” என்று டீச்சர் அலறியது என்ஜினையும் மீறிக் கீழே கேட்டது. மேலிடம் படகைத் திருப்பியது. துறைக்குப் போய்ப் பார்த்தால் சின்னவர் இல்லை.

கேப்டன் அதிகம் பேசுகிற மனிதரில்லை. ஒலிபெருக்கியை எடுத்தார். “பயணிகள் மன்னிக்கவும். என்ஜின் கோளாறு. படகு கிளம்பத் தாமதமாகும்” என்றார். பாதாளம் அண்ணாந்து பார்த்தார். அவருடைய என்ஜினுக்குக் கோளாறா! அவர் கைக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூடப் படுக்காத என்ஜின். வேறு நேரமாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பார். “ஆமாங்க, பெரிய கோளாறு” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கரையில் குதித்தார்.

தூறல் பிடித்துக்கொண்டது. அக்கரைத் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஈரச் சுவர்கள், சாத்திய கடைகள், தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் விளக்குக் கம்பங்கள். போன் போனதும் டாக்ஸிக்காரர் பாலம் வழியாகச் சுற்றி வண்டியைக் கொண்டுவந்தார். கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லும் ஆள் அவர் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டார்கள். கனவில் ஓடுவதைப்போல, எவ்வளவு நடந்தாலும் அதே தெருமுனைக்கே திரும்பி வந்ததாகப் பாதாளத்துக்குத் தோன்றியது. சாயங்காலம் இருட்டப் போகும் நேரத்தில், படகு பழுதுபார்க்கும் கொட்டகையில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

சின்னவர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. “இறங்குங்க. இறங்குங்க. இறங்குங்க.”

டாக்ஸிக்காரர் பாய்ந்து தூக்கப் போனார். பாதாளம் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து, அந்த இருட்டுக்குள் நுழைந்து, தள்ளியே உட்கார்ந்தார். பேசவில்லை. மழை மேலே பலகையில் தாளம் போட்டது. என்ஜின் இல்லாத குறைக்குத் தானே வாய்மூடி முனகினார், மகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சுருதியில். வெகுநேரம் கழித்து ஒரு குளிர்ந்த கை வந்து அவர் சட்டை முனையைப் பிடித்தது.

அடுத்த நாளே அலுவலகத்துக்குப் போனார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. தடுமன் பிடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, தன் தலையெழுத்தை நொந்துகொண்டிருந்த மனிதர்.

“நடந்ததுக்கு ரொம்ப வருந்துறேன். ஆனா நான் என்னம்மா பண்றது? புகார் வந்தா நடவடிக்கை எடுக்கணும்.”

“அப்ப நாங்களும் புகார் குடுக்கிறோம். ஒரு மனுஷனைத் தெரியாத கரையில எறக்கி விட்டுட்டாங்க. இதுக்கு என்ன நடவடிக்கை?” என்றாள் பல்லக்கா.

மேலாளர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பேசும் நிலையில் இல்லை. பாதாளத்தின் மனைவி எழுந்தாள். வெளியாட்கள் முன்னால் அவள் பேசி எத்தனை காலம் ஆயிற்று! “சார், நாங்க சலுகை கேக்க வரல. எங்க பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பி, கதவைச் சாத்திக்கிட்டு இருந்தவ நான். இனிமே சாத்த முடியாது சார்” என்றாள். சொல்லி முடித்த பிறகும் உட்காரவில்லை.

“சரிம்மா. சங்கு வேண்டாம்னும் கேக்கிறீங்களாமே? சங்கு ஊதாம படகை எடுத்தா எனக்குச் சங்கு ஊதிடுவாங்க. சட்டம் அப்படி.”

“ஊதுங்க சார். ஊதப் போறோம்னு முன்னாடி சொல்லுங்கன்னுதான் கேக்கிறோம்” என்றாள் பல்லக்கா.

சுவரோரம் நின்றிருந்த பாதாளம் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பேச்சு வராது. வந்தாலும் என்ஜினைச் சுற்றியேதான் வரும். “சார், நான் கீழயே இருக்கிற ஆளு. மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. சக்கரத்தைத் திருப்புறதுக்கு முன்னாடி கேப்டன் எனக்கு மணி அடிப்பாரு. அடிக்காம திருப்பினா, கீழ ஓடுற சுக்கான் சங்கிலியில என் கை போயிடும். எனக்கு அடிக்கிற அந்த மணியை இவங்களுக்கும் அடிங்க. வேற ஒண்ணுமில்ல சார்.”

“பாக்கிறேன்” என்றார் மேலாளர். அலுவலக அகராதியில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும். வாரா வாரம் யாராவது ஒருவர் போய் அந்த வாசலில் உட்கார்ந்தார்கள். டாக்ஸிக்காரர் தன் பயணிகளிடம் படகுக் கதையைச் சொன்னார். பாதிப் பேர் இறங்கும்போது, “அந்த ஆபீஸ் எங்க இருக்கு, நானும் போய்க் கேக்கிறேன்” என்றார்கள். படகில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸுகளும் போய்க் கேட்டார்கள். விடுப்பு முடிந்து வந்த பூலோகம் விஷயம் தெரிந்து, “நான் இருந்திருந்தா...” என்று தலையில் அடித்துக்கொண்டு, தினமும் டிக்கெட்டோடு சேர்த்துக் கதையையும் கிழித்துக் கொடுத்தார். பல்லக்கா கண்டக்டர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று தானாகவே போய் நின்றாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அந்த மாற்றுக் கண்டக்டர். கடைசிவரை தலை நிமிரவில்லை. முடிந்ததும், “இறங்குங்கன்னு சொல்றதுக்குப் பதிலா நான் என்ன சொல்லியிருக்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் பாதி கிடைத்தது. இறங்காமல் சுற்றிவரலாம். சங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், கண்டக்டர் குரல் கொடுப்பார். பின்தளத்தில் தனி இடம் ஒதுக்கக் கேட்டதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். “குடுத்ததை வாங்கிக்குவோம். மிச்சத்துக்கு மறுபடியும் போவோம்” என்றார் கேப்டன். அவரும் ‘போவோம்’ என்று சொன்னதைப் பாதாளம் கவனித்தார்.

விளக்கு எரிந்த முதல் நாள், “சங்கு ஊதப் போறோம்!” என்று பூலோகம் அடிவயிற்றிலிருந்து கத்தியது சங்கைவிடப் பெரிதாக இருந்தது. பாப்பா அதற்கே ஓடினாள். மறுநாளிலிருந்து மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். பாப்பாவுக்கும் பழகிப்போய்விடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்குவாள். ஆனால் ஓடவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்து நடுங்குவது வேறு. அவளோடு சேர்ந்து மற்றவர்களும் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் காதைப் பொத்தினார்கள். காதுக் கருவி மாட்டிய பெரியவர்கள் கருவியைக் கழற்றினார்கள். விளக்கு எரிந்ததும் படகு முழுவதும் கைகள் உயரும். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ கூட்டுப் பிரார்த்தனை போலத் தெரியும். புகார் சொன்ன பயணி மட்டும் மாறவில்லை. முன்தளத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். அது அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

டீச்சருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை வந்தபோது, சின்னவர் பாதாளத்தின் வீட்டில் தங்கினார். முதல் சில நாட்கள் சாப்பிடவே இல்லை. அக்காவின் தட்டைக் கொண்டுவந்து வைத்தபிறகு சாப்பிட்டார். அடுத்து டாக்ஸிக்காரர் வீட்டில் கொஞ்ச நாள், பல்லக்காவின் மாடியில் கொஞ்ச நாள். அவருக்கென்று அந்த மூன்று வீடுகளிலும் ஒரு கொக்கியில் ஒரு துண்டு தொங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைக் கேட்ட டீச்சர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாதாளத்தின் மனைவி மறுபடியும் மருந்துக் கடைக்குப் போனாள், பாதி நேரம் மட்டும். அந்தப் பாதி நேரத்துக்குப் பாதாளம் வீட்டில் இருந்தார்.

பாப்பாவுக்கு இப்போது இருபது வயதாகிறது. பேச்சு வரவில்லை. படம் காட்டும் பலகை ஒன்றில் விரல் வைத்து, வேண்டியதைச் சொல்கிறாள். பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றுதான். “அவங்க அம்மா மாதிரியே தெளிவு” என்கிறார் பாதாளம்.

போன மாதம் ஒருநாள் அவருக்கு விடுப்பு. பயணியாக மகளோடு படகில் ஏறினார். அன்றும் பனி. அக்கரையில் படகு நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கரையில் கால் வைக்காதவள், எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பலகைமேல் நடந்து கரையில் இறங்கினாள். பாதாளம் கூப்பிட வாயெடுத்தார்.

“விடுங்க. பின்னால போங்க” என்றார் பூலோகம் மெல்லிய குரலில்.

துறைக்கு வெளியே தெரு பனிக்குள் போய் மறைந்தது. ஒரு கடையின் இரும்புக் கதவு உயர்ந்துகொண்டிருந்தது. யாரோ வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். பாப்பா சுவரோரமாக ஒரு விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். செங்கல், கதவு, கம்பி, மறுபடியும் செங்கல். எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது போல இருந்தது அவள் நடை. பத்தடி தள்ளிப் பாதாளம் பின்தொடர்ந்தார். தெருமுனையில் பனி அவளைக் கொஞ்சம் விழுங்கியது. அவர் நடையை எட்டிப் போடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.